அன்னக்கூடையில் ஊறிய நிக்கல்

பாகூர் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற ஊர் எங்களுடையது. அங்கே நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாருக்கும் சரியாகச் சொல்ல வந்ததில்லை. ஊரைக் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கே சில நாட்களில் சொல்ல வராது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அப்பா ஒரு நாள், "எங்க பாப்பா தண்ணியில இருந்து கேஸ் எடுக்குது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், "இன்னாம்மா, சிலிண்டர் எப்ப தரப் போறே?" என்று கேட்க ஆரம்பித்தார். கேலிதான். ஆனாலும் நான் நிஜமாகவே ஒரு நாள் கொடுத்துவிட்டால் வாங்கி வைக்க இடம் ஒதுக்கியிருப்பார் என்று தோன்றும்.

வேலை இவ்வளவுதான். தண்ணீரில் கொஞ்சம் காரம் கலந்து, இரண்டு உலோகத் துண்டுகளை முக்கி, மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் குமிழி விடும், மறு பக்கம் ஆக்சிஜன். இரண்டில் ஆக்சிஜன் பக்கம் சோம்பேறி. அது அசைந்தால்தான் ஹைட்ரஜன் பக்கமும் அசையும். அதை அசைக்க மின்சாரத்தைக் கூடுதலாகக் கொட்ட வேண்டும், அப்படிக் கொட்டினால் இந்த முயற்சிக்கே அர்த்தம் இல்லை. அந்தச் சோம்பேறியைத் தட்டி எழுப்புகிற பொருளுக்குத்தான் வினையூக்கி என்று பெயர். தங்கத்தைவிடக் கிடைப்பதற்கு அரிய உலோகங்கள் அதை நன்றாகச் செய்யும். நாங்கள் சாதாரண உலோகங்களை வைத்துச் செய்யப் பார்த்தோம். நிக்கலையும் கோபால்ட்டையும் கலந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களாக்கி, பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் நிக்கல் தகட்டின் மேல் படிய வைத்து, நகத்தளவு துண்டுகளாக வெட்டிக்கொள்வேன். எந்த உலோகம் எத்தனை பங்கு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பேன். டாக்டர் பட்டத்துக்காக நான்கு வருடங்கள் இதைத்தான் செய்தேன்.

ஆய்வகம் வில்லியனூரைத் தாண்டி ஒரு கல்லூரியில். போக இரண்டு டவுன் பஸ், வர இரண்டு டவுன் பஸ். அங்கே எங்கள் பேராசிரியருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான், இரும்பு. நிக்கலோடு சிட்டிகை இரும்பு சேர்ந்தாலே அதற்கு வேகம் ஏறிவிடும். எங்கள் துறையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இரும்பு ஒட்டிக்கொண்டால், பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் விடை சொல்லிக் கொடுத்த மாதிரி, வந்த மதிப்பெண் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் இடுக்கி பிளாஸ்டிக், கரண்டி பிளாஸ்டிக். சார் உள்ளே வருமுன் சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வெளியே ஒரு தட்டில் வைப்பார். கோயிலுக்குள் போகிறவர்கள்கூட அவ்வளவு பயபக்தியாகச் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

சார் இப்படியென்றால், வீட்டில் அம்மா. கழுவாத பொருள் எதுவும் எங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்ததில்லை. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைச் சீயக்காய் போட்டுக் கழுவியிருக்கிறாள். டிவி ரிமோட்டைக் கழுவிவிட்டு, வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் நம்பியிருக்கிறாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் கொடுக்கும் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, கை பழகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தால் அம்மாவுக்குத் திருவிழா. எங்கள் ஊரில் அவரவர் பிழைப்புக்கு எது ஆயுதமோ அதைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் படைப்பார்கள். அப்பாவுக்கு மண் வெட்டுகிற மம்முட்டி, களைக்கொத்து, அரிவாள், டிராக்டருக்கு உள்ள ஸ்பேனர்கள். நான் வருடா வருடம் ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். மூன்றாவது வருடம் அம்மா பேனாவை வாங்க மறுத்துவிட்டாள்.

"பேனா ஸ்கூல் பசங்க வெக்கிறது. உன் சாமான் இன்னாடி? தண்ணியில இருந்து கேஸ் எடுக்கிறியே, எத்த வெச்சு எடுக்கறே?"

வாயடைக்க வேண்டுமென்றுதான், ஆய்வகத்திலிருந்து ஒரு துண்டை மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தேன். இன்னும் சோதிக்காத துண்டு. சோதனைப் பொருளை வெளியே கொண்டு போகக் கூடாது என்பது விதி. ஒரு நாள்தானே, டப்பா மூடியிருக்கிறதே என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். பொரி, கடலை, பூசணிக்காய் வாங்க அம்மா எப்போதும் என்னைத்தான் அனுப்புவாள். நான் போய்விட்டு வரும்போது எல்லாச் சாமான்களும் சாமி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன, என் டப்பாவின் தலையில் ஒரு சந்தனப் பொட்டோடு. விடுமுறை முடிந்து திறந்து பார்த்தபோது துண்டு லேசாகப் பழுப்பேறியிருந்தது. சந்தனம் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்து, வெட்கப்பட்டு, சுத்தமான தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் சோதனையில் போட்டேன். நோட்டில் இதையெல்லாம் எழுதவில்லை.

அந்தத் துண்டு ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மின்சாரம் தொட்டதுமே குமிழி பொங்கியது. கருவி பழுதோ என்று கம்பிகளையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். சார் வந்து பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சினிமா பார்ப்பவர் போல உட்கார்ந்துவிட்டார். அதே தகட்டிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டை அனுப்பி என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பரிசோதித்தோம். நிக்கல், கோபால்ட், அவ்வளவுதான், இரும்பு இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினோம். நல்ல துண்டு பல வாரங்கள் ஓடி, கடைசியில் உதிர்ந்துபோயிற்று.

அதற்குப் பிறகு ஒன்றுகூட அப்படி ஓடவில்லை. அதே பங்கு, அதே சூடு, அதே நேரம், அதே நான். பத்து மாதமாக ஒவ்வொரு துண்டும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் குனிந்து உட்காரும் பெண் மாதிரி அசையாமல் கிடந்தது. பத்திரிகையிலிருந்து மதிப்பீட்டாளர்கள் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்: அருமையான முடிவு, இன்னும் மூன்று துண்டுகளில் இதையே காட்ட முடியுமா? காட்டினால் கட்டுரை வரும், கட்டுரை வந்தால் ஆய்வேட்டை அந்த வருடமே கொடுக்கலாம், கொடுத்தால் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தில் எனக்கென்று வைத்திருந்த வேலை கிடைக்கும். காட்டாவிட்டால் மூன்றும் போயிற்று. நான் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததற்குக்கூட ஒரு நாள் கத்தினேன்.

அம்மாவிடம் மட்டும் பதில் தயாராக இருந்தது. "சாமி முன்னாடி வெச்சோம், நல்லா வந்துச்சு. அப்புறம் வெக்கல, வரல. இதுக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு?"

"உன் சாமிக்குக் கெமிஸ்ட்ரி தெரியாதும்மா."

"உனக்குத் தெரியும் இல்ல, நீ ஏன் பண்ண முடியல?"



அடுத்த ஆயுத பூஜை வந்தது. நான் இன்னொரு துண்டைக் கொண்டு போனேன். நம்பிக்கையால் இல்லை, அம்மாவின் தொல்லையால்தான் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதோடு சரி. அந்த வருடம் அப்பா பைக்கில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதால் சீக்கிரமே திரும்பிவிட்டோம். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனால், துணி துவைக்கிற கல் ஓரத்தில், ஒரு காலத்தில் சோறு கொட்டி வைத்த பெரிய அன்னக்கூடை. நிறையப் புளித்தண்ணீர். அதில் அப்பாவின் மம்முட்டி, களைக்கொத்து, அரிவாள், ஸ்பேனர் எல்லாம் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அடியில், மம்முட்டித் தகட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு, என் துண்டு கிடந்தது.

"ம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

"கண்ணு தெரியல? கழுவறேன்."

"அத்த யாரு கழுவச் சொன்னது? டப்பாவைத் தொறக்கவே கூடாது. சார் சாவியக்கூட உள்ள எடுத்துட்டு வர மாட்டாரு, நீ மம்முட்டியோட போட்டு வெச்சிருக்கே."

"அழுக்கோட சாமி முன்னாடி வெப்பாங்களா? போன வருசமும் இதே கூடையில, இதே மாதிரிதான் கழுவினேன். அப்ப நல்லா வந்துச்சுன்னு குதிச்சியே, அப்ப வாயத் தொறக்கல."

நான் பூசணிக்காயோடு அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயந்துபோய் மயக்கமா என்று கேட்டாள். மயக்கமில்லை. பத்து மாதம் நான் சூட்டையும் பங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விடை பின்பக்கம் அன்னக்கூடையில் இருந்திருக்கிறது. புளியின் புளிப்பு மம்முட்டியின் துருவைக் கரைத்து, கரைந்த இரும்பு என் நிக்கலின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரன் விடை சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் அவனைத் தெரியாதவள் போல முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

உடனே துண்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. முடியாது. சாமிக்கென்று எடுத்து வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. "எடுத்தேன்னா கைய உடைப்பேன்" என்றாள் அம்மா. நான்கு வருட ஆராய்ச்சியின் விடை சந்தனப் பொட்டோடு மம்முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விஞ்ஞானியான நான் ஒன்றரை நாள் சுண்டல் தின்றுகொண்டு காத்திருந்தேன்.

ஆய்வகம் திறந்ததும் போட்டுப் பார்த்தேன். போன வருடத் துண்டைப் போலவே பொங்கியது. பக்கத்தில் கழுவாத துண்டு, வழக்கம்போலச் சும்மா கிடந்தது.

இந்த இடத்தில் நான் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். நடந்துகொள்ளவில்லை. மூன்று துண்டுகள்தானே கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. மூன்று கழுவாத துண்டுகளை டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய், "ம்மா, இத்தயும் கழுவிக் குடு" என்றேன். அம்மா அந்த நிமிடத்தை ரசித்தாள். "அன்னிக்கு அந்தக் கத்து கத்தினே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் மூன்று துண்டுகளும் பளிச்சென்று திரும்பி வந்தன. ஆய்வகத்தில் போட்டால் ஒன்றும் ஓடவில்லை.

விசாரித்தேன். நான் போட்ட கூச்சலுக்குப் பயந்து, அம்மா இந்த முறை கேன் தண்ணீரில், தனி கிண்ணத்தில், புதுப் புளியைக் கரைத்து, மூன்றையும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்திருக்கிறாள். மம்முட்டியைக் கிட்டவே விடவில்லை. என் கோபம் என் சோதனையைக் கெடுத்துவிட்டது.

சரி என்று நானே பின்பக்கம் இறங்கினேன். மம்முட்டியோடு ஒரு துண்டு, மம்முட்டி இல்லாமல் ஒரு துண்டு, புளி இல்லாமல் ஒரு துண்டு. அப்பா வரப்பு வெட்டக் கிளம்பி, மம்முட்டியைத் தேடினார்.

"மம்முட்டி எங்கம்மா?"

"ஊறுதுப்பா."

அப்பா அன்னக்கூடையை எட்டிப் பார்த்தார். "மம்முட்டி ஊறுதா?"

"மத்தியானம் எடுத்துடுவேன்."

"அரிசி உளுந்துதான் ஊறும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் மம்முட்டி கேட்கப் போனார். அம்மா பின்வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள். "நான் இவ்ளோ புளி போட மாட்டேன். ஒரு எலுமிச்சம்பழம் அளவு. நீ ஊறுகாய் போடற மாதிரி போட்டிருக்கே." அவள் சொன்னபடி குறைத்தேன், துண்டு இன்னும் நன்றாக ஓடியது. மம்முட்டியோடு ஊறியது ஓடியது, மற்றவை ஓடவில்லை. சந்தேகமே இல்லை, துருதான். அடுத்த வாரத்துக்குள் என்னிடம் மூன்று அருமையான துண்டுகள் இருந்தன. மூன்றையும் சோதித்து வரைபடம் போட்டேன். கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று அழகாக விழுந்தன. அன்னக்கூடையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் அந்தப் படத்தைச் சாருக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை சார் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, "பாருங்க. இரும்பைக் கிட்டயே சேர்க்காம வேலை செஞ்சா இப்படி வரும். சுத்தம்னா என்னன்னு இவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றார். கைதட்டினார்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒரு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்தக் கைதட்டலைத் தாங்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, சந்தனப் பொட்டு, அன்னக்கூடை, புளி, மம்முட்டி. 

"எவ்வளவு நேரம் ஊறிச்சு?" என்றார்.

"காலையில போட்டா மத்தியானம் வரைக்கும் சார்."

"புளி?"

"ஒரு எலுமிச்சம்பழம் அளவு."

சாரின் கை தானாகக் குறித்துக்கொள்ளப் போனது. பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தப்பு நடந்தது பரவாயில்லம்மா. தெரிஞ்ச பிறகும் பத்து நாள் எங்கிட்ட சொல்லாம, படத்தையும் அனுப்பினே பாரு, அதுதான்." அதற்கு மேல் திட்டவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், கடிதத்தை நீயே எழுது, திங்கட்கிழமை கொண்டு வா என்றார். வெளியே வந்தபோது சுவரில் படம் இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் சொல்ல வேண்டியதுதான் பெரிய பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா மருந்தடிக்கிற ஸ்பிரேயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுரை வராது, சென்னை வேலையும் இல்லை, இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்றேன்.

"டீக்கடையில சொல்லிட்டேனே" என்றார். பிறகு ஸ்பிரேயரின் குழாயை ஊதிப் பார்த்துவிட்டு, "அப்ப போன வருசம் வேலை செஞ்சது நீ இல்ல, என் மம்முட்டியா?"

"ஆமாம்பா."

"அதுக்கு டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை போலிருக்கிறது, நிறுத்த முடியவில்லை. அப்பா பதறிப்போய், "சும்மா சொன்னேன்மா, சும்மா சொன்னேன்" என்று ஸ்பிரேயர் கையோடு என் தலையைத் தடவினார். தலையெல்லாம் கிரீஸ் ஆயிற்று.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "லெட்டர்ல இன்னா எழுதியிருக்கே? படி."

இங்கிலீஷில் எழுதியிருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மாதிரித் துண்டு ஆய்வகத்துக்கு வெளியே, வீட்டில் கழுவப்பட்டது. அப்போது இரும்பால் மாசுபட்டது. எங்களுக்குத் தெரியாமல் நடந்த இந்த மாசினால் முடிவுகள் நம்பத் தகுந்தவை அல்ல. ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.

"வூட்ல கழுவினதுன்னா, நான் கழுவினதுதானே?"

"ஆமா."

"நான் கழுவி அழுக்காச்சுன்னு எழுதியிருக்கே."

 அப்படித்தான் எழுதியிருந்தேன். உலகத்திலேயே சுத்தமான பெண்பிள்ளையைப் பற்றி, அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில், முகம் தெரியாத ஆட்களுக்கு.

அம்மா கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கழுவாதது ஓடல இல்ல? அத்த எழுதினியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏன்?"

அம்மாவிடம்தானே என்று உள்ளதைச் சொன்னேன். அதை எழுதினால் நான் செய்த கலவையில் சரக்கில்லை என்று ஆகிவிடும். மாசு என்று எழுதினால் ஏதோ ஒரு துண்டு கெட்டுப்போனது, அவ்வளவுதான். கலவையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், இன்னொரு நாள் இன்னொரு இடத்தில் அதையே காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். கழுவாதது ஓடவில்லை என்று எழுதினால், நான்கு வருடம் நான் செய்தது சாதாரண நிக்கல் தகட்டைவிட ஒன்றும் மேல் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரமில்லாத கையை நன்றாகத் துடைத்தாள்.

"அப்படின்னா வேணாம்டி. அத்த எழுதாத. நான்தான் அழுக்காக்கிட்டேன்னே போட்டுக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்க."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் அந்த மதியமே கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். முதல் வரி: நாங்கள் வடிவமைத்த நிக்கல் கோபால்ட் கலவை, இரும்பு சேராதபோது, சாதாரண நிக்கலைவிட நன்றாக வேலை செய்யவில்லை. அந்த ஒரு வரியை எழுதி முடிக்க மாலை ஆகிவிட்டது. மற்ற வரிகள் சுலபமாக வந்தன. கழுவியதைப் பற்றிய இடத்தில் மாசு என்பதை எடுத்துவிட்டு, வீட்டில் கழுவியபோது இரும்பு சேர்ந்தது என்று மட்டும் போட்டேன்.